டிராக்டரிலிருந்து விழுந்தவர் என்றே சொல்லுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், ஏறத்தாழ ஐம்பது வயதுடைய பெண்மணி ஒருவரை உறவினர்கள் எம் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தனர். பூப்பறிக்கச் செல்லும் வழியில் வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றனர். வரப்பில் வழுக்கி விழுந்தவருக்கு மணிக்கட்டோ கணுக்காலோ முறிந்திருக்கலாம். முதியவரானால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறியலாம். நாங்கள் அவ்விடங்களையே முதலில் பார்த்தோம். அங்கெல்லாம் குறையொன்றும் இல்லை. ஆனால் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. செவிலியர் ஆடையை விலக்கியபோது, இடுப்பிலும் தொடையிலும் பட்டை பட்டையாகச் சாய்ந்த தழும்புகள் தெரிந்தன. டிராக்டரின் பின்சக்கரத்தைப் பார்த்திருக்கும் எவரும் அந்த அடையாளத்தை அறிவர்.

நடைபாதைக்கு வந்து மீண்டும் கேட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. ஓட்டுநரின் பக்கத்து மட்கார்டில் அமர்ந்து வந்திருக்கிறார். வேகத்தடையில் வண்டி குலுங்கியதும் கீழே விழுந்திருக்கிறார். பின்சக்கரம் இடுப்பின் ஓரத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. இடுப்பெலும்பு வளையம் முறிந்து, சிறுநீர்ப்பையும் கிழிந்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட குருதி உள்ளே தேங்கிவிடக்கூடும். அந்த ஒரு பொய்யினால் நாங்கள் இழந்தது முக்கால் மணி நேரம். அவர் பிழைத்துக்கொண்டார். எல்லாரும் அவ்வாறு பிழைப்பதில்லை. (அவரை எவரும் இனங்காண முடியாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதியிருக்கிறோம்.)

உறவினர்கள் கெட்ட எண்ணத்தோடு மறைக்கவில்லை. 'டிராக்டர் என்று சொன்னால் போலீஸ் வரும். வண்டிக்காரர் நம்ம ஊர்க்காரர். நாளைக்கு அவர் தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும்' என்று அவருடைய மகன் எங்களிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயமில்லை என்று நாங்கள் கருதவில்லை. ஆயினும் அந்த அச்சத்தில் பெரும்பகுதி தவறான செய்தியால் வந்தது என்பதை இங்கே விளக்கியாக வேண்டும்.

விபத்தில் அடிபட்டு வரும் எவரையும் பற்றி மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் குறித்தே ஆக வேண்டும். மக்கள் 'ஏ.ஆர். காப்பி' என்று கேட்டு வாங்குவது இப்பதிவின் நகலையே. எவ்வாறு அடிபட்டது என்று முதலில் சொல்லப்பட்ட சொற்கள் அதில் அப்படியே பதிவாகின்றன. பின்னாளில் இழப்பீடு கோரி நீதிமன்றம் செல்லும்போது எதிர்த்தரப்பு முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். 'வரப்பில் வழுக்கி விழுந்தார்' என்று அன்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து 'டிராக்டர் ஏறியது' என்றால் நம்ப வைப்பது கடினம். ஊர்க்காரரைக் காப்பாற்றச் சொன்ன பொய், அடிபட்டவரின் உரிமையைத்தான் முதலில் பறிக்கிறது.

அடிபட்டவரைத் தூக்கி வருகிறவர்களுக்கும் இவ்வச்சம் தேவையில்லை. உதவ வந்தவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்னும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் உறுதி செய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்னும் பிரிவு இதற்கெனச் சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைச் சொல்ல விரும்பாவிட்டால் எவரும் வற்புறுத்த இயலாது. பணத்துக்காகவும் தயங்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவர் எவராயினும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர உயிர்காக்கும் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். வரப்பில் வழுக்கி விழுந்தவருக்கு இத்திட்டம் பொருந்தாது என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இனி, பலரும் எம்மிடம் கேட்கும் கேள்விக்கு வருவோம். டிராக்டரைச் சாலையில் விடலாமா? வயலுக்காகச் செய்த வண்டிக்குத் தார்ச்சாலையில் என்ன வேலை?

வெளிநாடுகளில் இதே கேள்வி நான்கு சக்கர 'ஏ.டி.வி.' வண்டிகளைப் பற்றி எழுந்துள்ளது. மேடு பள்ளம், மணல், சேறு என எங்கும் செல்வதற்கென, காற்றழுத்தம் குறைந்த அகன்ற சக்கரங்களோடு செய்யப்பட்ட சிறு வண்டிகள் அவை. அமெரிக்காவில் மூன்று சக்கர வகை அடிக்கடி கவிழ்ந்து பலரைக் கொன்றதால், 1988இல் அரசுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. நான்கு சக்கர வகையையும் பொதுச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்று அவற்றைச் செய்து விற்பவர்களே எச்சரிக்கின்றனர். பதினாறு வயது நிரம்பாதவர் அதில் ஏறவே கூடாது என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. சேற்றில் பிடிமானம் தரும் சக்கரமும், பள்ளத்தில் இடிக்காமல் இருப்பதற்காக உயர்த்திய உடலும், கெட்டியான சாலையில் வேகமாகத் திரும்பும்போது வண்டியையே கவிழ்த்துவிடுகின்றன.

நம் பகுதியில் அத்தகைய வண்டிகளைச் சாலையில் காண்பது அரிது. ஆனால் அதே உடலமைப்பு நம் தெருவில் நாள்தோறும் ஓடுகிறது. டிராக்டரின் எடைமையம் உயரத்தில் உள்ளது; முன்சக்கரங்கள் சிறியவை. உழவுக்கு இவை குணம். ஐம்பது பேரோடு வளைவில் திரும்புகையில் இவையே குற்றம். சட்டமும் டிராக்டரைத் தானே சுமை ஏற்றுவதற்கென அமைக்கப்படாத வண்டி என்றுதான் வரையறுக்கிறது. பின்னால் மாட்டும் டிரெய்லர் பலவற்றில் தனித் தடை கிடையாது. இறக்கத்தில் ஓட்டுநர் அழுத்தும் பிரேக் டிராக்டரை நிறுத்தும். டிரெய்லரோ நிற்காமல் அதனைப் பக்கவாட்டில் தள்ளும்.

2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்ததில் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்டில் துறையூர் அருகே கோயிலுக்குச் சென்ற சரக்கு வாகனம் சாலையோரக் கிணற்றில் விழுந்து எட்டுப் பேரும், 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்ட மலைப்பாதையில் மற்றொன்று கவிழ்ந்து பதினொருவரும் மாண்டனர். நமக்கு இன்னும் அருகில், 2021 பிப்ரவரி 16 அன்று மணியாச்சி அருகே வயல் வேலைக்குச் சென்ற பெண்களை ஏற்றிய லோடு ஆட்டோ ஓடையில் கவிழ்ந்து ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். இவற்றுள் டிராக்டர் ஒன்றே. ஏனையவை சரக்கு வண்டிகள். மருத்துவரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிடிக்கக் கம்பி இல்லை, இருக்கை இல்லை, வார்ப்பட்டை இல்லை. கவிழ்ந்தால் ஒருவர் மேல் ஒருவராக விழுகின்றனர். அடியில் அகப்பட்டவருக்கு எலும்பு முறிவதற்கு முன்பே மூச்சு நின்றுவிடுகிறது. மார்பு அழுந்தினால் நுரையீரல் விரியாது. அதற்குச் சில நிமிடங்களே போதும்.

சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். இதில் இன்னொரு பாதகமும் உண்டு. சரக்கு வண்டியில் கட்டணமின்றி ஏறிச் சென்றவருக்கு நேரும் சாவுக்கும் காயத்துக்கும் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. விவசாயப் பணிக்கெனக் காப்பீடு செய்த டிராக்டர், திருமணக் கூட்டத்தை ஏற்றிச் சென்றால் அங்கும் இதே சிக்கல் எழும். ஆக, கை கால் இழந்தவர் வண்டி உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். அவரிடம் டிராக்டரைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது?

இவ்வளவும் தெரிந்த பின்னும், 'டிராக்டரைச் சாலையில் தடை செய்' என்று எழுத எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. வயலும் களமும் சந்தையும் வெவ்வேறு இடங்களில் இருக்க, இடையில் சாலையைத் தொடாமல் எந்த உழவரும் தொழில் செய்ய முடியாது. மக்காச்சோள மூட்டையும் உரமும் பறந்தா வரும்? டிராக்டர் சாலைக்கு வரட்டும், சுமையோடும் வரட்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். ஊருக்குள் கால் மைல் செல்வதற்கும், ராஜபாளையம் சாலையிலோ திருநெல்வேலி சாலையிலோ பேருந்துகளுக்கிடையே இருபது பேரை ஏற்றிச் செல்வதற்கும் வேறுபாடு உண்டென்று சிலர் வாதிடுகின்றனர். உண்டுதான். ஆனால் மேலே சொன்ன பெண்மணி விழுந்தது ஊருக்குள் இருந்த வேகத்தடையில்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிச்சியும் மல்லிகையும் வெயிலுக்கு முன்னே பறிக்க வேண்டியவை. மகளிருக்கு நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் விடியும் முன் தோட்டத்து வாசலில் நிற்கும் பேருந்து எங்கே? வேலைக்கு அழைப்பவர் அனுப்பும் வண்டியில் ஏற மறுத்தால் அன்றைய கூலி இல்லை. எனவே, ஏறுகிறவர்களை மட்டும் கடிந்துகொள்ளும் அறிவுரை எங்களுக்கு உவப்பானதன்று. ஆட்களை அழைத்துச் செல்லும் தோட்டக்காரரும் கங்காணியும், சேர்ந்து ஒரு வேனையோ பயணிகள் ஆட்டோவையோ அமர்த்த இயலும். சில ஊர்களில் அவ்வாறு செய்கிறார்கள். காலை நடைகளின் நேரத்தை மாற்றித் தருமாறு போக்குவரத்துக் கழகத்துக்கு ஊராட்சிகள் எழுதலாம். ஆடித்தபசுக்கு டிரெய்லரில் குழந்தைகளோடு வருகிறவர்களுக்குக் கூலிக் கட்டாயமும் இல்லை. அவர்களிடம் நாங்கள் கண்டிப்பாகவே சொல்கிறோம், பேருந்தில் வாருங்கள்.

டிராக்டரில் ஏறாதவருக்கும் அதனால் ஆபத்து உண்டு. பின்விளக்கோ ஒளிபிரதிபலிப்புப் பட்டையோ இல்லாமல் இரவில் மெல்லச் செல்லும், அல்லது பழுதாகி ஓரத்தில் நிற்கும் டிரெய்லரில் மோதி வரும் இருசக்கர வாகன ஓட்டிகளின் முகத்தைச் சீரமைப்பது மிகக் கடினமான பணி. மணிக்கு 80 கிலோமீட்டரில் வருபவர், 20 கிலோமீட்டரில் செல்லும் டிரெய்லரை நொடிக்கு 17 மீட்டர் வீதம் நெருங்குகிறார். விளக்கொளியில் ஐம்பது மீட்டரில் அதைக் கண்டாலும் கையில் இருப்பது மூன்று நொடி. சிவப்பு ஒட்டுப்பட்டையின் விலை ஒரு நாள் டீச் செலவைத் தாண்டாது. பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் டிராக்டரைக் கொடுத்து அனுப்பும் தந்தையருக்கும் ஒரு சொல்: 2019 திருத்தத்துக்குப் பின், சிறுவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் பெற்றோருக்கும் உரிமையாளருக்கும் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. முதலில் எஞ்சினை அணையுங்கள். ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டில் சேலையோ துண்டோ சிக்கியிருந்தால் அணைக்காமல் எவரும் கிட்டே போகக் கூடாது. 108ஐ அழையுங்கள். மார்பு அழுந்தியிருந்தால் அங்குள்ளோர் அனைவரும் சேர்ந்து பாரத்தை உடனே தூக்க வேண்டும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. இடுப்பில் அடிபட்டவரை எழுந்து நிற்கவோ நடக்கவோ வைக்காதீர்கள். பலகையிலோ கெட்டியான போர்வையிலோ படுத்தவாறே தூக்குங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மண்ணோ காப்பித்தூளோ வேண்டாம். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம், அறுவை தேவைப்படலாம்.

கால் நெடுநேரம் வண்டிக்கடியில் அகப்பட்டிருந்தால், எத்தனை மணிக்கு அகப்பட்டது, எத்தனை மணிக்கு விடுபட்டது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொருள்கள் இதயத்துடிப்பைக் குலைக்கலாம். சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்குவது அதன் அறிகுறி. நேரம் தெரிந்தால் நாங்கள் முன்கூட்டியே மருந்தைத் தொடங்கிவிடுவோம்.

அந்த நிகழ்வுக்குப் பின் எம் அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவுத் தாளில் மூன்று கேள்விகளைச் சேர்த்தோம். எந்த வண்டி? அதில் எங்கே அமர்ந்திருந்தார்? சக்கரம் ஏறியதா? படுக்கையருகே செவிலியர் இவற்றைக் கேட்கும்போது கூட்டத்தில் பதில் சொல்லத் தயங்கினால், பணியிலிருக்கும் மருத்துவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.