ஓடுவதும் நடப்பதும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், கீழ்வகுப்பு ஒன்றிலே ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தம் குடும்பத்தைப் பற்றி எழுதுமாறு பிள்ளைகளைப் பணித்தபோது, ஒரு மாணாக்கன் தன் தாய் கடையொன்றை 'வோக்' செய்கிறாள் என்று எழுதியிருந்தான். அதனை வகுப்பறிய வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தனர், நானும் சிரித்தேன். சிவப்பு மையினாலே அச்சொல்லை வெட்டி, மேலே 'ரன்' என்று எழுதிக் கொடுத்தேன். அன்றுதொட்டு அவன் என் வகுப்பிலே வாய்திறந்து ஓர் ஆங்கில வாக்கியமேனும் சொன்னதில்லை.

அவன் எழுதியதன் நியாயம் எனக்குப் பின்னரே புலப்பட்டது. 'ரன்' என்றால் 'ஓடு' என்பதே நான் கற்பித்த பொருள். ஒருத்தி கடையை ஓடுவது எங்ஙனம்? தமிழிலே நாம் கடை 'நடத்துகிறோம்'. நடத்துதல் என்பது நடக்கச் செய்தல் அன்றோ? நடத்தலுக்கு ஆங்கிலம் 'வோக்' என்பதும் நான் கற்பித்ததே. எனவே, அப்பிழை சிந்தியாமையாற் பிறந்ததன்று; சிந்தித்ததனாற் பிறந்தது.

இச்சிறு வினையின் பொருட்பரப்போ மிகப் பெரிது. 1884 ஆம் ஆண்டிலே முதற்பகுதி வெளிவந்து 1928 இலே நிறைவெய்திய ஒக்ஸ்போட் பேரகராதியைப் புதிதாகத் திருத்தும் பணியிலே, பீற்றர் கில்லிவர் என்னும் அகராதியறிஞர் இவ்வொரு சொல்லுக்காக ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உழைத்தார். வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் உண்டென்பது 2011 ஆம் ஆண்டிலே தெரியவந்தது. இதற்கு இனமான ஜெர்மன் சொல் இன்றும் நீர் ஒழுகுதலைக் குறிப்பது. ஓட்டமும் ஒழுக்கும் தொன்றுதொட்டு அருகருகே நின்ற கருத்துகள்போலும்.

ஆங்கிலத்திலே குதிரை ஓடும், ஆறு ஓடும், இயந்திரம் ஓடும். இம்மட்டும் தமிழும் உடன் ஓடுகிறது. அதன்மேல் வழிகள் பிரிகின்றன. அங்கே சீலையின் சாயம் ஓடும். இங்கே சாயம் போகும். அங்கே ஒரு குணம் குடும்பத்திலே ஓடும்; இங்கே பரம்பரையாக வரும். தேர்தலுக்கு அமெரிக்கர் 'ஓடுவர்', இங்கிலாந்தினர் பெரும்பாலும் 'நிற்பர்', நாமும் நிற்போம். ஒரே மொழியினருள்ளேயே ஒருவர் ஓட ஒருவர் நிற்கும்போது, நம் மாணாக்கன் நடந்தது பெருங்குற்றமாகுமா?

நம் வழக்கையும் நோக்குவோம். "அவன் லொறி ஓடுகிறான்" என்று யாழ்ப்பாணத்திலே சொல்கிறோம். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஓர் ஆங்கிலேயரிடம் கூறினால், அவன் லொறி வைத்திருக்கிறான் என்றே அவர் விளங்கிக்கொள்வார். சாரதி என்று எண்ணமாட்டார்.

ஆகவே, ஒரு வினையை ஒரு தமிழ்ச் சொல்லோடு முடிச்சிட்டு மனனஞ் செய்விப்பது போதாது. எந்தப் பெயரோடு அது சேர்கிறது, சேரும்போது என்ன பொருள் தருகிறது என்று வாக்கியத்தோடு காட்டவேண்டும். "தம்பி, உன் அம்மாவின் கடை தமிழிலே நடக்கிறது, ஆங்கிலத்திலே ஓடுகிறது" என்று அன்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு அரை நிமிடமும் ஆகியிராது.

ஆசிரிய நண்பர்கள் சிவப்பு மையை எடுக்குமுன், "இதனை எவ்வாறு எண்ணி எழுதினாய்?" என்று பிள்ளையை ஒருமுறை கேட்பார்களாக. நான் கேட்கவில்லை.