பொன்னியின் செல்வன் வழியே ஒரு குடும்பப் பயணம்

நம் சங்கக் குடும்பங்களில் ஐம்பதைக் கடந்தவர்களிடம், சிறுவயதில் படித்தவற்றுள் எது நெஞ்சில் நிற்கிறது என்று கேட்டால், பலரும் சொல்வது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. என் வீட்டிலும் அந்தப் பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய பழைய பைண்டு வால்யூம் உண்டு. ஆனால் ஸ்ரீவராகத்தில் வளரும் என் பேரக்குழந்தைகள் தமிழை நன்றாகப் பேசுவார்கள், படிப்பதென்றால் எழுத்துக்கூட்டித்தான். பள்ளியில் மலையாளம், ஆங்கிலம், இந்தி. 2022, 2023-இல் வந்த படங்கள் கதையைச் சொல்லிவிட்டன. புத்தகத்தைத் திறக்க வைக்கவில்லை. நான் கண்ட வழி, கதை நடந்த ஊர்களுக்கே அழைத்துப் போவது. அதற்குத் திட்டமிடும் முறையை இங்கு விளக்குகிறேன்.

முதலில் காலம். கதை ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் தொடங்குகிறது. மேட்டூர் நீர் கொள்ளிடம் வழியே அணைக்கரைக்கு வந்து, வடவாற்றில் திரும்பி ஏரியை அடைகிறது. அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆகவே ஏப்ரல், மே விடுமுறையில் போனால் நிறைந்த ஏரியைக் காண்பது அரிது. நமக்குத் தோதானது ஓணம் விடுமுறை. கோடிக்கரையை மட்டும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒதுக்கலாம். பூங்குழலி படகு விட்ட அக்கரையில் இன்று சரணாலயம் இருக்கிறது. வெளிமான்கள் உண்டு, குளிர்காலத்தில் பூநாரைகளும் வந்து சேரும்.

அடுத்தது வழி. நாகர்கோவில், மதுரை வழியாக ரயிலில் திருச்சி, அங்கிருந்து கும்பகோணம். அங்கேயே மூன்று நாள் தங்கினால் மூட்டை முடிச்சுகளோடு அலைய வேண்டாம். ஒரு நாள் காட்டுமன்னார்கோயில், வீராணம், மேலக்கடம்பூர். ஒரு நாள் பழையாறை, பட்டீசுவரம். ஒரு நாள் தஞ்சாவூர்.

மூன்றாவதாக, எங்கே எது இருக்காது என்பதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். "தாத்தா, அரண்மனை எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடம்பூரில் சம்புவரையர் மாளிகை இல்லை. தேர் வடிவில் அமைந்த அழகிய கோயில் உண்டு. பழையாறையில் சோழர் அரண்மனை மறைந்துவிட்டது. அருகில் 'சோழன் மாளிகை' என்று ஓர் ஊர்ப்பெயர் மட்டும் மிச்சம். தஞ்சையில் நாம் காணும் அரண்மனை நாயக்கர், மராட்டியர் காலத்தது. பெரிய கோயிலோ கதைக்குள்ளேயே வராது. கதை உத்தம சோழர் முடிசூடுவதோடு நிறைகிறது; இராஜராஜன் அரியணை ஏறியது 985-இல், கோயில் நிறைவுற்றது 1010-இல். நாகப்பட்டினம் சூடாமணி விகாரமும் உண்மையில் இராஜராஜன் காலத்தில் எழுந்ததுதான். கல்கி கதைக்காகச் சற்று முன்னே கொண்டுவந்தார். அதன் கடைசிச் சின்னமாக நின்ற கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள்.

இல்லாததைச் சொன்னால் போதுமா? இருப்பதையும் காட்ட வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவைப் பிராட்டியார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிக்கப்படுகிறார். நந்தினியும் பூங்குழலியும் கற்பனை. வந்தியத்தேவன் கற்பனை அல்லன். இன்னும் வியப்பானது காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினரது நிலங்களைப் பறித்தது பற்றிய இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களே இருக்கின்றன. பின்னால் இருந்து ஏவியவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அன்றிரவு லாட்ஜில் என் பேத்தி, "ரவிதாசன் வர்ற அத்தியாயம் எது தாத்தா?" என்று கேட்டு அவளே படித்தாள். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நான் குறுக்கே பேசவில்லை.

இதிலிருந்து நான் கைக்கொண்ட முறை இது: மறுநாள் பார்க்கப்போகும் ஊர் வரும் அத்தியாயத்தை முதல் நாள் இரவு பிள்ளைகளே வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒன்றிரண்டு பக்கம் போதும். ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்றால் யாரும் கிளம்பமாட்டார்கள். கல்கியும் வீட்டில் இருந்தபடியே எழுதிவிடவில்லை. ஓவியர் மணியத்தையும் அழைத்துக்கொண்டு இலங்கைவரை போய்ப் பார்த்துவந்தார்.

சோழநாட்டுக்குப் புறப்படுமுன் நம் ஊரிலேயே ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம். இராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவன் முதல் வெற்றியாகக் கூறும் காந்தளூர்ச்சாலை, சாலைக் கடைத்தெருவை அடுத்த வலியசாலையே என்பர் பலர். அங்கே அவன் அழித்தது கப்பலையா, சாலையின் உணவு உரிமையையா என்பது முடியாத விவாதம். காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்த பார்த்திவபுரம், களியக்காவிளையைத் தாண்டிக் குமரி மாவட்டத்தில் முஞ்சிறைக்கு அருகில் இருக்கிறது. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம். ரயில் டிக்கெட் வேண்டாம். கையில் முதல் பாகம் ஒன்று இருந்தால் போதும்.