கடன் கணக்கு – 9: வீடு இல்லாதவர்களின் வங்குரோத்து

பராட்டே சட்டத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அக்கா கேட்டனுப்பியிருந்தார்: "நாடே வங்குரோத்துன்னு சொல்லி கடன் கட்டுறத நிறுத்திருச்சே. நாங்களும் அப்படி எழுதிக் குடுத்தா லோன்காரங்க விட்ருவாங்களா?"

2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசு செய்ததைத்தான் சொல்கிறார். கேள்வியில் நக்கல் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது.

ஏட்டில் வழி உண்டு. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மலையெல்லாம் கோப்பியாக இருந்த காலத்தில் வந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். சொத்து பொறுப்பாளர் ஒருவர் கைக்குப் போகும். அவர் விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். ஒளிவுமறைவில்லாமல் நடந்துகொண்டவர் என்று நீதிமன்றம் கண்டால் சான்றிதழ் தரும். மிச்சக் கடன் அத்தோடு தீர்ந்தது.

ஆனால் ஈடு தீராது. ஹட்டனில் கடை வைத்திருப்பவர் வீட்டு உறுதியை வங்கியில் வைத்திருந்தால், அவர் வங்குரோத்தானாலும் வீட்டின் மேல் வங்கிக்குள்ள பிடி அப்படியே நிற்கும். பராட்டே எனப்படும் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கியின் பணிப்பாளர் சபையே தீர்மானம் போட்டு, வர்த்தமானியிலும் பத்திரிகையிலும் அறிவித்து, நீதிமன்றப் படி ஏறாமலே ஏலம் விடலாம். 2024இல் அரசு இதைத் தற்காலிகமாக நிறுத்தியபோது மூச்சு விட்டவர்கள், கையில் உறுதி இருந்தவர்கள்.

லயத்தில் உறுதி ஏது? காணி அரசுடையது, நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளிடம். தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் காம்பராவை அடகு வைக்கவும் முடியாது, ஏலத்தில் இழக்கவும் முடியாது. இங்கே ஏலம் போவது தோடும் சங்கிலியும்தான். அதுவும் ஈடு, எந்தச் சான்றிதழும் அதை மீட்டுத் தராது.

மற்றது குழுக் கடன். இஸ்தோப்பில் பெண்கள் கூடியிருப்பார்கள், மடியில் லோன் கார்டு. ஒருத்தி வரவில்லையென்றால் அவளுடைய தவணையை மற்றவர்கள் சேர்த்துப் போட்ட பிறகுதான் தவணை வாங்க வந்தவர் மோட்டார் சைக்கிளை எடுப்பார். பிணை நின்றவர்களை வங்குரோத்துச் சான்றிதழ் விடுவிக்காது. அக்கா தப்பினால் கடன் அடுத்த காம்பராவுக்குப் போகும். இது புதிதல்ல. அந்தக் காலத்தில் கங்காணியின் ஆட்கள் பட்ட கடனை எழுதி, அதைக் கட்டினால்தான் அவர்களை விடுவேன் என்று துரை கொடுத்த 'துண்டு' 1921இல் தடை செய்யப்பட்டது. கடனை ஆளோடு கட்டிப்போடும் புத்தி மட்டும் பிழைத்துக்கொண்டது என்பேன்.

2018இல் வறட்சி கண்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்நிதிக் கடனில் தவணை தவறியிருந்த பெண்களுக்கு அரசு கடனை நீக்கியது. அக்காவின் நுவரெலியா மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. மழைக்குக் குறைவில்லாத ஊர், பாருங்கள்!

ஆகவே அக்கா, 1853க்குப் போக வேண்டாம். தவணையை நீட்டிக் கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமாகாது. ஆனால் காசோலை கொடுத்து அது திரும்பினால் கதை வேறு. குழுக் கடனுக்காக நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுச் சாமானைத் தூக்க லோன்காரருக்கு உரிமை கிடையாது. வந்தால் கட்டளையைக் காட்டச் சொல்லுங்கள்.

நகை ஏலத்துக்கு முன் வரும் கடிதத்தை எப்படி வாசிப்பது என்பது அடுத்த வாரம்.