கெஸ்ட்ரிக் எண்டு வந்த வருத்தம்

ஒரு பிள்ளையை மனசில வச்சுக்கொள்ளுங்கோ. உண்மையான ஆள் இல்லை, விளங்கப்படுத்துறதுக்காக நான் உண்டாக்கின பிள்ளை. ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலை டவுனில இருந்து புல்மோட்டை வீதியால வந்து, நிலாவெளியைத் தாண்டினதும் களப்பும் பாலமும் வருமே, அந்த ஊர். பதினாறு வயசு. ஓ.எல் எழுதப் போறா. பள்ளிக்கூடத்தில காலைக் கூட்டத்தில நிக்கேக்க கண் இருண்டு விழுந்திட்டா. டீச்சர்மார் தண்ணி தெளிச்சு, குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்தாங்க.

"காலையில சாப்பிட்டனீங்களா மகள்?"

"பசிக்கேல்லை டீச்சர். கெஸ்ட்ரிக்."

அந்தப் பதிலோட விசாரணை முடிஞ்சுது. வீட்டிலயும் இதே கதைதான். கொஞ்ச மாசமா பிட்டைப் பிசைஞ்சு வச்சிட்டு எழும்பிப் போறா. இரவில கேட்டா டியூஷனில சாப்பிட்டிட்டன் எண்டுறா. தங்கச்சியோட எரிஞ்சு விழுறா. ஃபார்மசியில ஒமிப்ரசோல் வாங்கிக் குடுத்தாச்சு, நேர்த்தியும் வச்சாச்சு. மூண்டு மாசமா மாதவிடாய் வரேல்லை. அம்மா அதைச் சோதனை யோசினை எண்டு நினைச்சிட்டா. வெய்யில் கொளுத்துற சித்திரையிலயும் பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருந்ததை ஒருத்தரும் ஒரு அறிகுறியாப் பாக்கேல்லை.

மயங்கி விழுந்ததால ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. அங்க நேர்ஸ் மணிக்கட்டைப் பிடிச்சு மணிக்கூட்டைப் பாக்கிறா. பிறகு ஒருக்கா சரிபாக்கிறா. நிமிசத்துக்கு 42.

இண்டைக்குக் கதைக்கப்போறது அந்த 42ஐப் பற்றித்தான். முதல்லயே ஒண்டு சொல்லிப்போடுறன். இந்தக் காணொளியில எத்தனை கிலோ, எத்தனை கலோரி எண்டு ஒரு இலக்கமும் வராது. இப்பிடிச் சாப்பாட்டை ஒதுக்கிற வருத்தத்தோட இருக்கிற பிள்ளைகள் அந்த இலக்கங்களைப் போட்டிக்கு எடுத்துக்கொள்ளுவாங்க. நாடித்துடிப்பு இலக்கம் மட்டும் சொல்லுறன், அது பெத்தவங்களுக்குத் தேவை.

(திரையில்: ஈசிஜி கோடு, இடைவெளி விட்டு விட்டு)

நல்லா ஓடிப் பழகின விளையாட்டு வீரருக்கும் நாடி 42 இருக்கும். அவருக்கு இதயம் பலம். இந்தப் பிள்ளைக்கு இதயம் மெலிஞ்சு போய்க்கிடக்கு. எண்ணெய் தீரப்போகுது எண்டு தெரிஞ்சா, கடலில நிக்கிற ஓட்டி என்ஜினைக் குறைச்சுப் பிடிப்பார்தானே? உடம்பும் அதைத்தான் செய்யுது. நாடி குறையுது, பிரஷர் இறங்குது, கை கால் குளிருது, குடல் மெதுவாகுது, மாதவிடாய் நிக்குது. பிள்ளை "வயிறு ஊதிக்கிடக்கு, ரெண்டு வாய் வச்சதும் நிரம்புது" எண்டு சொல்லுறது பொய்யில்லை. பட்டினியால இரைப்பை உண்மையாவே மெதுவாத்தான் காலியாகும். அதைக் கேட்டு நாங்க கெஸ்ட்ரிக் எண்டு மருந்து குடுக்கிறம். அவ இன்னும் குறைச்சுச் சாப்பிடுறா, இரைப்பை இன்னும் மெதுவாகுது.

இங்கிலீஷில ஈட்டிங் டிஸோர்டர் எண்டு சொல்லுற இந்த உண்ணல் கோளாறு வெள்ளைக்காரப் பணக்காரரின்ர வருத்தம் எண்டு கனகாலமா ஒரு நம்பிக்கை இருந்தது. டொக்டர்மாருக்கும் இருந்தது. லண்டனில வில்லியம் கல் எண்ட வைத்தியர் 1873, 74 காலத்தில, பட்டினி கிடந்து மெலியிற வகைக்கு அனோரெக்சியா நெர்வோசா எண்டு பேர் வச்சதில இருந்து, மெலியவேணும் எண்ட ஆசையும் குண்டாகிப்போவன் எண்ட பயமும்தான் இதின்ர அடையாளம் எண்டு மெல்ல மெல்லப் பாடப்புத்தகத்துக்குள்ள வந்திட்டுது. அந்தப் பயத்தை வாயால சொல்லாத பிள்ளை அந்தக் கணக்கில வரமாட்டா.

ஹொங்கொங்கில சிங் லீ எண்ட மனநல வைத்தியர் 1993இல வெளியிட்ட ஆய்வு இதைப் போட்டு உலுப்பினது. அவர் பாத்த 70 நோயாளிகளில பாதிக்கு மேல ஆக்கள் குண்டாகிப்போவன் எண்டு சொல்லவே இல்லை. வயிறு நிரம்பின மாதிரி இருக்கு, பசியில்லை, இவ்வளவுதான் சொன்னாங்க. எங்கட பிள்ளை சொன்ன அதே வசனம்.

எங்கட பக்கத்துக்கு வருவம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியின்ர சிறுவர் மனநலப் பிரிவில 2000 தொடக்கம் 2005 வரைக்கும் வந்த 3,274 பிள்ளைகளின்ர கோவைகளைத் திருப்பிப் பாத்தாங்க. 41 பேருக்கு உண்ணல் கோளாறு. அதில 35 பேருக்கு மன அழுத்தத்தால வாற வாந்தி, ஆறு பேருக்குத்தான் அனோரெக்சியா. பாருங்கோ, துன்பம் எங்கட பிள்ளைகளில வயிற்றாலதான் கதைக்குது. சென்னையில சீனிவாசனும் கூட்டாளிகளும் 1998இல 210 மருத்துவ மாணவர்களைப் பாத்தாங்க. சோதிச்சதில 14.8 வீதமானோருக்குச் சாப்பாட்டைப் பற்றின தொந்தரவு இருந்தது. மேற்கத்தைய பட்டியலில இருக்கிறதை விட லேசான வடிவம், ஆனா இருக்கு. கொழும்பில ஹேமமாலி பெரேராவும் கூட இருந்த வைத்தியர்களும் இலங்கைப் பிள்ளைகளில இளம் வயசில வாற அனோரெக்சியாவைப் பற்றி 2002இலயே மருத்துவ இதழில எழுதிட்டாங்க. ஆகவே "எங்கட ஊரில அதெல்லாம் இல்லை" எண்டு இனி ஒருத்தரும் சொல்ல ஏலாது.

அப்ப எதால வருது? போனையும் டிக்டொக்கையும் குற்றம் சொல்லுறது லேசு. அதில உண்மையும் இருக்கு. ஃபிஜித் தீவில ஒரு மாகாணத்துக்கு டிவி வந்தது 1995இல. ஆன் பெக்கர் எண்ட ஆய்வாளர் அப்பவும் 1998லயும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிட்டக் கேட்டா. எடை குறைக்க வாந்தியெடுக்கிறது எண்ட பழக்கம் முதல் தடவை ஒருத்தரிட்டயும் இல்லை, மூண்டு வருசத்தில 11.3 வீதம். ஆனா போனைப் பறிச்சு வச்சா வருத்தம் மாறும் எண்டு நினைச்சா, அது பிழை. ஏன் எண்டு சொல்லுறன்.

1944 கடைசியில அமெரிக்காவில மினசோட்டா பல்கலைக்கழகத்தில ஆன்செல் கீஸ் ஒரு பரிசோதனை தொடங்கினார். யுத்தத்துக்குப் போகமாட்டன் எண்டு மறுத்த 36 இளைஞர்கள், நல்ல சுகதேகிகள், தாங்களா முன்வந்தவங்க. 24 கிழமை அரைப் பட்டினி. அவங்களுக்கு மெலியவேணும் எண்ட ஆசை துளியும் இல்லை. அப்பிடி இருந்தும் என்ன நடந்தது? நாள் முழுக்கச் சாப்பாட்டு யோசினை. சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கினாங்க. ஒரு கோப்பைச் சாப்பாட்டை மணிக்கணக்கா வச்சு அளைஞ்சாங்க. எரிச்சல், சோர்வு, ஆக்களோட ஒட்டாமை. அப்ப, எங்கட பிள்ளை பிட்டைப் பிசைஞ்சு கொண்டு இருந்ததும், தங்கச்சியோட எரிஞ்சு விழுந்ததும் அவவின்ர குணம் இல்லை. பட்டினி கிடக்கிற மூளை செய்யிற வேலை. முதல் மருந்து சாப்பாடு எண்டு வைத்தியர்கள் சொல்லுறதுக்குக் காரணம் இதுதான். அந்த மூளைக்குப் புத்திமதி சொல்லி வேலையில்லை.

இனி ஆபத்தான இடங்கள்.

சாப்பிட்டிட்டுத் தாங்களா வாந்தியெடுக்கிற பிள்ளைகள் அநேகமா மெலிஞ்சு இருக்கமாட்டாங்க. பாக்கிறதுக்கு எங்களைப் போலத்தான் இருப்பாங்க. லண்டனில ஜெரால்ட் ரஸல் 1979இல புலிமியா எண்டு இதைத் தனியாப் பிரிச்சு எழுதினார். விரல் முட்டிகளில வாற தழும்புக்கு இப்பவும் அவற்ற பேர்தான். பல்லின்ர உள்பக்கம் அமிலத்தால கரையும், கன்னத்துக்குப் பக்கத்தில சுரப்பி வீங்கும். பல் டொக்டர்தான் முதல்ல கண்டுபிடிக்கிறதும் உண்டு. இதெல்லாம் வெளியில தெரியிறது. உயிரை எடுக்கிறது பொட்டாசியம். வாந்தியாலயும் பேதி மருந்தாலயும் ரத்தத்தில பொட்டாசியம் இறங்கினா இதயத்தின்ர மின்துடிப்பு குழம்பும். ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் நிண்டுபோகவும் கூடும்.

எலும்பு மெதுவான இழப்பு. வாழ்நாளுக்கு வேண்டிய எலும்புப் பலத்தைச் சேர்க்கிற வயசு இதுதான். அந்த நேரம் மாதவிடாய் நிண்டுகிடந்தா எலும்பும் தேயும். கல்சியம் குளிசை மட்டும் குடுத்து அதைத் திருப்ப ஏலாது.

இன்னொண்டு. ரிப்போர்ட் எல்லாம் நோமல் எண்டு வந்தா, வீட்டில நிம்மதியாகிடுவாங்க. பட்டினியில உடம்பு தசையையும் எலும்பையும் கரைச்சுத்தான் ரத்தத்தைச் சமனா வச்சிருக்கும். கடைசி நேரம் வரைக்கும் ரிப்போர்ட் நல்லாவே இருக்கலாம். 2011இல அர்செலஸ் எண்டவரும் சகாக்களும் 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்ததில, அனோரெக்சியா உள்ளவங்க இறக்கிற ஆபத்து அதே வயசு மற்றவங்களை விட ஆறு மடங்குக்குக் கிட்ட. அந்த மரணங்களில அஞ்சில ஒண்டு தற்கொலை. ஆகவே இதயத்தையும் பாக்கவேணும், மனசையும் கேக்கவேணும்.

(திரையில்: சேலைன் போத்தல்)

இப்ப நான் கூடுதலா நேரம் எடுக்கப்போற இடம். வீட்டுக்கு விசயம் விளங்கிட்டுது. அம்மம்மா ஆட்டெலும்பு சூப் வைக்கிறா, முட்டை அடிச்சுக் குடுக்கிறா. மாமா பிரைவேட்டில ஒரு சேலைன் ஏத்துவம் எண்டுறார். அன்புதான். ஆனா நாள்கணக்கா அநேகமா ஒண்டுமே சாப்பிடாத உடம்புக்கு இதுவே ஆபத்தாகலாம்.

ரெண்டாம் உலக யுத்தம் முடிய, பிலிப்பைன்ஸில பட்டினி கிடந்து சரணடைஞ்ச ஜப்பானியச் சிப்பாய்களுக்குச் சாப்பாடு குடுத்தாங்க. சாப்பிடத் தொடங்கின பிறகும் ஆக்கள் செத்தாங்க. ஷ்னிட்கரும் சகாக்களும் 1951இல அதை எழுதினாங்க. நடக்கிறது இதுதான்: மாச்சத்து உள்ள போனதும் இன்சுலின் எழும்புது. இன்சுலின் பொஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் ரத்தத்தில இருந்து கலங்களுக்குள்ள இழுத்துக்கொண்டு போகுது. ஏற்கெனவே கையிருப்பு இல்லாத உடம்பு, ரத்தத்தில பொஸ்பேட் விழுந்துடுது. பொஸ்பேட் இல்லாட்டி தசைக்குச் சக்தி இல்லை. இதயமும் தசை, மூச்சு இழுக்கிற உதரவிதானமும் தசை. விற்றமின் பி1, அதுதான் தயமின், அதுவும் இதே நேரம் தீர்ந்துபோகும். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை பாதிக்கும். சேலைன் எண்டு நாங்க சொல்லுற போத்தலில பல நேரம் இருக்கிறது டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸேதான்.

இதைக் கேட்டிட்டுச் சாப்பாடு குடுக்கப் பயப்பிட வேண்டாம். குறைச்சுக் குறைச்சுக் குடுத்துக்கொண்டே இருக்கிறதும் ஆளைக் கொல்லும். ஒழுங்கா இல்லாட்டியும் ஏதோ சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாட்டைத் தாராளமா வையுங்கோ. 5 நாளுக்கு மேல அநேகமா ஒண்டும் உள்ள போகாத பிள்ளைக்கும், குறுகின காலத்தில வேகமா மெலிஞ்ச பிள்ளைக்கும் மட்டும் முதல் நாட்கள் ஆஸ்பத்திரி வாட்டில, ரத்தம் பாத்துப் பாத்து நடக்கவேணும். முதல்ல குண்டாக இருந்து வேகமா மெலிஞ்ச பிள்ளைக்கும் இதேதான். அந்தப் பிள்ளையை ஊரே "இப்பத்தான் வடிவா இருக்கிறீங்க" எண்டு மெச்சிக்கொண்டு இருக்கும். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் வரும். அவங்களைப் பற்றிக் கேக்கிறவங்க இன்னும் குறைவு.

விரதம், நோன்பு பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. இந்தக் கரையில நோன்பு பிடிக்கிற வீடும் கேதாரகௌரி விரதம் பிடிக்கிற வீடும் பக்கத்தில பக்கத்தில இருக்கு. விரதம் வருத்தம் இல்லை. ஆனா நோன்பு முடிஞ்சு பெருநாளும் போன பிறகும் ஒரு பிள்ளை தானா நாள் கூட்டிக்கொண்டு போனா, விரதம் முடிக்கிற நேரம் எல்லாரும் சாப்பிட ஒதுங்கிப்போனா, அங்க கவனம் வேணும். நோயாளிக்கு நோன்பு விட மார்க்கத்திலயே சலுகை இருக்கு. அதைப் பள்ளிவாசலில ஒரு மௌலவி வாயால சொன்னா, நான் பத்துக் காணொளி போடுறதை விடப் பிள்ளைக்கு ஏறும்.

சிகிச்சை எண்டு வந்தா, வளரிளம் பிள்ளைகளுக்கு ஆய்வில நல்லா எடுபட்டது லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியில 1980களில உருவான முறை. பெத்தவங்களைக் குற்றம் சாட்டாமல், சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்கு அவங்களிட்டக் குடுக்கிறது. ஒவ்வொரு நேரமும் ஒரு பெரிய ஆள் பக்கத்தில இருந்து, சண்டை பிடிக்காமல், சாப்பிட்டு முடியும் வரைக்கும் எழும்பாமல் இருக்கவேணும். லண்டனிலயே இது கஷ்டம். இங்க எத்தனையோ வீட்டில தாய் குவைத்தில, சவுதியில. தகப்பன் விடியமுன்னம் கடலுக்குப் போயிடுவார். அந்தப் பெரிய ஆள் அம்மம்மாவா, உம்மம்மாவா, பெரியம்மாவா எண்டு முதல் நாளே முடிவு எடுக்கவேணும். இல்லாட்டி அந்த முறை காகிதத்தில மட்டும்தான்.

எங்க போறது? பிள்ளை மயங்கினா, நெஞ்சு படபடக்குது எண்டா, விழிப்பில நாடி 40க்குக் கீழ எண்டா, கதிரையில இருந்து கை ஊண்டாமல் எழும்ப ஏலாட்டி, 1990க்கு அடியுங்கோ. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. செத்துப்போகலாம் போல இருக்கு எண்டு பிள்ளை சொன்னா, தனிய விடாமல் அங்கோடை தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926க்கு அடியுங்கோ. அவசரம் இல்லாட்டி உங்கட குடும்பநல மாதுவிட்டச் சொல்லுங்கோ, பக்கத்து ஆஸ்பத்திரியில காட்டி திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கோ.

ஓ.பி.டி.யில உங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு நிமிசம். கெஸ்ட்ரிக் எண்ட சொல்லை முதல்ல எடுக்காதேங்கோ. இப்பிடிச் சொல்லுங்கோ: "டொக்டர், பிள்ளை இத்தனை கிழமையா ஒழுங்காச் சாப்பிடேல்லை, இத்தனை மாசமா மாதவிடாய் இல்லை, சாப்பிட்ட பிறகு பாத்ரூமுக்குப் போறா. படுக்க வச்சும் நிக்க வச்சும் நாடியும் பிரஷரும் பாருங்கோ. ஈசிஜி ஒண்டு எடுங்கோ. ரத்தத்தில பொட்டாசியம், பொஸ்பேட், மக்னீசியம் பாருங்கோ." துண்டில எழுதிக்கொண்டு போய்க் குடுத்தாலும் சரி.