வாயாடிகள்

வகுப்பில் ஓயாது பேசும் மாணவியரை ‘வாயாடிகள்’ என்று எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். அத்தகைய சொல்லொன்றையே பெயராகச் சூடிய மூன்று பெண்களின் இசையை அண்மையிற் கேட்டேன்.

நம் முன்னோர் சாவகம் என்றழைத்த ஜாவாத்தீவின் மேற்கே, காருட் மாவட்டத்துச் சிங்காஜாயாவில், 2014ஆம் ஆண்டு உருவானது ‘வொய்ஸ் ஒஃப் பாச்செப்ரொட்’ என்னும் குழு. பாச்செப்ரொட் என்றால் சுண்டா மொழியில் இரைச்சல். மார்ஸ்யா கிற்றார் மீட்டிப் பாடுவார், விடிக்கு பேஸ் கிற்றார், சித்திக்கு மேளம். மூவரும் முக்காடிட்டவர்கள். இஸ்லாமியப் பாடசாலையிற் பயின்ற அவர்களுக்கு ஹெவி மெற்றல் இசையை அறிமுகஞ் செய்தவர் அவர்களுடைய ஆசிரியரே. நானும் ஆசிரியன்தான், இவ்விடத்திற் சற்றே தலைகுனிகிறேன்.

கர்நாடக சங்கீதத்திற் பழகிய என் செவியில் முதலில் வெறும் ஓசையே விழுந்தது. மறுமுறை சித்தியின் மேளத்தை மட்டும் பின்தொடர்ந்தேன். அந்த முழக்கத்துக்குள்ளே கணக்குப் பிசகாத தாளம் ஓடிற்று!

முக்காடிட்ட பெண்கள் இதனை இசைக்கலாமா என்று கண்டனம் எழுந்தது. இசைக்க அனுமதி வேண்டி 2022இல் அவர்கள் பாடல் வெளியிட்டனர். விண்ணப்பம் ஊராருக்கன்று, நேரே இறைவனுக்கு! பாடசாலைக் கல்வியைச் சாடி 2018இற் பாடியவர்களும் இவர்களே. 2024 யூனில் இங்கிலாந்தின் கிளாஸ்ரன்பெரி விழாவில் இசைத்தனர். அவ்விழாவில் மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு இதுவே.

நேற்று என் வகுப்பில், கடைசி வாங்கிலிருந்து மூவர் பேசிக்கொண்டிருந்தனர். அதட்ட வாயெடுத்தவன், “என்ன பேசுகிறீர்கள், பிள்ளைகளே?” என்று கேட்டேன்.