பக்கத்திற்கு விலையா, பொருளுக்கு விலையா?

மின்னூல் வாங்குவோரில் பலர் முதலில் பக்கங்களை எண்ணுகின்றனர். சிறு நூலாயின், விலை அதிகமென்று ஒதுக்கிவிடுகின்றனர். காகிதமும் மையும் வேண்டாத நூலுக்கு இவ்வளவுகோல் எவ்விதம் பொருந்துமென்பது நமக்கு விளங்கவில்லை.

பக்கமே பணமானால் என்ன நேருமென்பதை அமேசான் கம்பெனியின் கிண்டில் சந்தாத் திட்டம் காட்டிற்று. 2014-ல் அது தொடங்கியபோது, வாசகர் ஒரு நூலில் பத்திலொரு பங்கைப் படித்தாலே ஆசிரியருக்குப் பணம் கிடைத்தது. ஆகவே சிறு நூல்கள் மலிந்தன. 2015 ஜூலை முதல், படிக்கப்பட்ட பக்கங்களுக்கே பணமென்று விதி மாறிற்று. பின்னர்ச் சிலர் வீண் பக்கங்களைத் திணித்து நூல்களைப் பருக்கச் செய்தனர். இரண்டிலும் பொருளின் தரத்தைக் கேட்பாரில்லை.

காந்தியடிகள் 1909-ல் கப்பற் பிரயாணத்தின்போது குஜராத்தியில் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' மிகச் சிறிய நூல். அதற்கஞ்சி 1910-ல் பம்பாய் சர்க்கார் தடை விதித்தது. அதன் பக்கங்களை எண்ணியா அஞ்சிற்று?

நூலுக்குரிய அழகுகளில் சுருக்கத்தையே முதலாவதாக வைத்தார் நன்னூலார். அம்மரபில் வந்த நாம், சுருங்க எழுதுவோனுக்குக் கூலியைக் குறைப்பது நியாயமன்று. குறைப்போமாயின், நாளை நமக்குக் கிடைப்பவை பருத்த நூல்களே, பயனுள்ள நூல்களல்ல.