அஞ்சே அஞ்சு கேள்வி: அயப்பாக்கத்துல உருவான ஒரு டிபி மாடல்

"ஏஐ ஏஐன்னு பேசுறீங்களே, இதனால இல்லாதவங்களுக்கு என்ன பிரயோஜனம்?" இந்தக் கேள்வியை நிறைய பேர் அனுப்பியிருக்கீங்க. நியாயமான கேள்வி. பதில் தேடி நான் கலிஃபோர்னியா வரைக்கும் போகப் போறதில்ல. நம்ம அம்பத்தூர் பக்கத்துல அயப்பாக்கம் ஹவுசிங் போர்டு, அங்கேயே இறங்கிக்கலாம்.

அங்க ஐசிஎம்ஆரோட தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கு. சுருக்கமா என்ஐஇ. அந்த காம்பவுண்டைத் தாண்டிப் போறவங்கள்ல பாதிப் பேர் அதை ஏதோ ஒரு கவர்மென்ட் ஆபீஸ்னுதான் நினைச்சிருப்பாங்க. 1999-ல ரெண்டு அமைப்பைச் சேர்த்து இதை உருவாக்கினாங்க. ஒண்ணு, மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம். இன்னொண்ணு, ஆவடியில இருந்த தொழுநோய் கள ஆய்வுப் பிரிவு. கணக்குப் போடுறவங்களும் நோயாளியை நேர்ல தேடிப் போறவங்களும் ஒரே கூரைக்குக் கீழ வந்தாங்க. இன்னைக்கு நான் சொல்லப்போற மாடல் அந்த மாதிரி ஒரு இடத்துலதான் பிறக்க முடியும்னு நினைக்கிறேன்.

விஷயம் காசநோய். உலகத்துல இருக்குற டிபி நோயாளிங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இந்தியாவுல இருக்காங்க. மருந்து இலவசம், ஒழுங்கா சாப்பிட்டா குணமாகும். அப்புறம் ஏன் சாவு? இறக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க நோய் கண்டுபிடிச்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ளேயே இறந்துடுறாங்க. அதாவது மருந்து வேலை செய்றதுக்குள்ள உடம்பு கைவிட்டுடுது. பிஎச்சிக்கு வரும்போதே எலும்பும் தோலுமா வந்திருப்பாங்க. அவங்க கையில மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினா பத்தாது. உடனே அட்மிட் பண்ணணும், ஆக்ஸிஜன் வேணும், பக்குவமா சத்துணவு கொடுக்கணும்.

இங்க ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 1956-ல மெட்ராஸ் சேத்துப்பட்டுல ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அது என்ஐஆர்டி. அந்தக் காலத்துல டிபின்னாலே சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பேரே அப்படித்தான் வந்துச்சு. ஆனா அந்த மருந்துகளை நெரிசலான வீட்டுல, சுமாரான சாப்பாட்டோட சாப்பிட்டாலும், சானடோரியத்துல படுத்துக்கிட்டு சாப்பிட்ட அளவுக்கே குணமாகுதுன்னு மெட்ராஸ் ஆய்வு காட்டுச்சு. முடிவு 1959-ல வெளியாச்சு. உலகம் முழுக்க வீட்டுச் சிகிச்சைக்கு மாறினதுல இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரும்பாலானவங்களுக்கு அது சரி. மீதி இருக்குற கொஞ்சப் பேர் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? 2022 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசும் என்ஐஇயும் சேர்ந்து ஆரம்பிச்ச "காசநோய் இறப்பில்லா திட்டம்" எடுத்துக்கிட்டது இந்தக் கேள்வியைத்தான்.

டிபின்னு தெரிஞ்ச உடனே பிஎச்சியில அஞ்சு விஷயம் பாக்குறாங்க. உடல் எடை, உயரத்தோட சேர்த்து பிஎம்ஐ. ரெண்டு கால்லயும் வீக்கம் இருக்கா. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. ஆக்ஸிஜன் அளவு. கடைசியா, பிடிமானம் இல்லாம எழுந்து நிக்க முடியுதா. பிஎம்ஐ 14 அல்லது அதுக்குக் கீழன்னா ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருத்தர் 36 கிலோகூட இல்லைன்னு அர்த்தம், ஒரு பெரியவர். மூச்சு 24-ஐத் தாண்டினாலோ, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழ போனாலோ, நிக்க முடியலைன்னாலோ, டாக்டர் பாத்து உறுதி பண்ணி அட்மிஷன்.

இதுக்குக் கம்ப்யூட்டரே வேணாம், ஒரு பேப்பர் போதும். இதைக் கேட்டுட்டு "இதுல ஏஐ எங்கடா?"ன்னு கமென்ட் போடப் போற நம்ம ஐடி பசங்களுக்கு: பொறுங்க, வர்றேன்.

இந்த மாதிரி விதி நம்ம பாஷையில ஒரு பூலியன். தீவிரம், இல்லன்னா தீவிரம் இல்ல. ஆனா "தீவிரம்"னு வந்த ரெண்டு பேர் ஒரே நிலைமையில இருக்க மாட்டாங்க. திட்டத்துல சேர்ந்த சுமார் 56,000 நோயாளிங்களோட தரவை வச்சு, யாருக்கு என்ன அளவு இருந்துச்சு, யார் பிழைச்சாங்க, யார் இறந்தாங்கன்னு பாத்து, என்ஐஇ ஒரு கணிப்பு மாடல் உருவாக்குனாங்க. 2025 ஆகஸ்ட்ல அதை டிபி சேவா ஆப்புக்குள்ள சேர்த்தாங்க. இந்தியாவுல ஒரு மாநிலம் இதை நடைமுறைத் திட்டத்துல சேர்க்குறது இதுதான் முதல் தடவை. இப்ப அதே எடை, வீக்கம், மூச்சு எல்லாம் உள்ள போனா, இறப்புக்கான வாய்ப்பு எத்தனை சதவீதம்னு வெளிய வருது. தீவிரம் இல்லாதவங்களுக்கு அது 1-லேர்ந்து 4. தீவிரம்னு வந்தவங்களுக்கு 10-லேர்ந்து 50 வரைக்கும்.

10-க்கும் 50-க்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு யோசிங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சிவப்பு லேபிள்தான், ஆனா ஒருத்தரை நாளைக்குக் காலையில ஆம்புலன்ஸ்ல அனுப்பலாம், இன்னொருத்தரை இன்னைக்கு ராத்திரியே அனுப்பணும்.

ஜிபியு கிடையாது, சாட்பாட் கிடையாது. சிலர் இதை ஏஐன்னே ஒத்துக்க மாட்டாங்க, புள்ளியியல்னுதான் சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும். என் கணக்குல ஒரு மாடல் எதைக் கணிக்குதுங்கறதுதான் முதல் கேள்வி, எவ்வளவு பெருசுங்கறது அப்புறம். 2019-ல சயின்ஸ் இதழ்ல வந்த ஒரு ஆய்வு ரொம்பப் பிரபலம். அமெரிக்காவுல யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேணும்னு சொல்ற ஒரு மென்பொருள், நோயைக் கணிக்காம மருத்துவச் செலவைக் கணிச்சுது. கறுப்பினத்தவங்களுக்கு அதே நோய்க்குச் செலவு குறைவாத்தான் ஆகியிருந்தது, ஏன்னா சிகிச்சையே சரியாக் கிடைக்கல. மெஷின் அதைப் பாத்துட்டு "இவங்க ஆரோக்கியமா இருக்காங்க"ன்னு முடிவு கட்டிடுச்சு. அந்தக் கோளாறைச் சரி பண்ணினா, கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகுறவங்கள்ல கறுப்பினத்தவங்க பங்கு 17.7 சதவீதத்துலேர்ந்து 46.5 ஆகும்னு ஆய்வு சொல்லுச்சு. அயப்பாக்கம் மாடல் நேரடியா இறப்பைக் கணிக்குது. பணம் உள்ளவரா இல்லாதவரான்னு கேக்குற கேள்வியே அதுல இல்ல.

அதுக்காக ஓட்டையே இல்லன்னு சொல்ல மாட்டேன். கொரோனா நேரத்துல எல்லார் வீட்டுலயும் வாங்கி வச்சோமே பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அது தோலுக்குள்ள ஒளியை அனுப்பி அளக்குது. கறுப்பினத்தவங்களுக்கு நிஜமா ஆக்ஸிஜன் குறைஞ்சிருந்தும் நல்லா இருக்குன்னு காட்டுறது, வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமா நடக்குதுன்னு 2020-ல நியூ இங்கிலாண்ட் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. நம்ம ஊர் நிறத்தை யோசிச்சுப் பாத்தா இது சாதாரண விஷயம் இல்ல. அதனாலதான் நர்ஸ் வாட்சைப் பாத்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்றது எனக்கு அவ்வளவு முக்கியமாப் படுது. கருவி ஏமாந்தாலும் அந்த எண்ணிக்கை காட்டிக் கொடுக்கலாம். கூட்டம் அலைமோதுற ஓபியில அவங்களுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்குதாங்கறது தனிக் கதை.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொண்ணு இருக்கு. மாடல் படிச்சது அரசு மருத்துவமனைக்கு வந்தவங்க தரவை. அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிஃப்ட் முடிச்சுட்டு, எட்டுப் பேர் தங்குற ரூமுக்குப் போய், இருமலுக்கு மெடிக்கல் ஷாப்ல சிரப் வாங்கிக் குடிச்சுக்கிட்டே மூணு மாசம் ஓட்டுறவர் அந்த 56,000-ல வரவே மாட்டார். ஒடிசாவோ பீகாரோ அவர் ஊரா இருந்தா, உடம்பு முடியாமப் போனதும் ரயில் ஏறிடுவார். நம்ம டேட்டாபேஸ்ல அவர் ஒரு காலி வரிகூடக் கிடையாது.

ஒருவேளை வந்துட்டார், ஆப்பும் "40 சதவீதம், உடனே அட்மிட்"னு சொல்லிடுச்சுன்னு வைங்க. கான்ட்ராக்ட் வேலை, லீவு போட்டா சம்பளம் கட். பக்கத்துல இருந்து பாத்துக்க ஆள் இல்ல. அரசு கொடுக்குற ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-ல மாசம் 500 ரூபாயா இருந்தது, 2024 நவம்பர்லேர்ந்து 1,000 ஆச்சு. நல்லதுதான், ஆனா நின்னுபோன சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு? இந்த இடத்துல கோடு எழுதி ஒண்ணும் பண்ண முடியாது. சூப்பர்வைசரும் ஹவுஸ் ஓனரும் ரூம்மேட்டும் மனசு வைக்கணும்.

கேக்குறவங்கள்ல நிறைய பேர் இந்தப் பக்கம் கம்பெனியில இருக்கீங்கன்னு தெரியும். உங்க செக்யூரிட்டி அண்ணனோ, கேன்டீன் அக்காவோ, உங்க லைன்ல நிக்கிற ஹிந்தி பேசுற தம்பியோ ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா, சாயங்காலம் ஜுரம் வந்தா, பேன்ட் லூசாகிக்கிட்டே போனா, பக்கத்து பிஎச்சியில சளிப் பரிசோதனை இலவசம்னு சொல்லுங்க. முடிஞ்சா கூடப் போங்க. நிக்ஷய் ஹெல்ப்லைன் 1800-11-6666, டோல் ஃப்ரீ. அடுத்த எபிசோட்ல இதே டிபிக்கு எக்ஸ்ரேவை மெஷினே படிக்கிறது எப்படின்னு பாக்கலாம்.